வலது கரை

இரண்டாம் நாள் காலையிலும் இடது கரைதான் முந்திக்கொண்டது.

வைத்திலிங்கம் கற்பூரத்தை ஏற்றிவிட்டு வந்து மணலில் உட்காரக்கூட இல்லை. இடது பக்கத்து நாவல் மரத்திலிருந்து ஒரு கொண்டைக்குருவி மூன்று முறை கூப்பிட்டது. அதற்குப் பதில் சொல்வதுபோல் அதே கரையில் ஒரு கரிச்சான் ஆரம்பித்தது. பிறகு மாங்குயில், தவிட்டுக்குருவிகள், எங்கோ உள்ளே தள்ளி ஒரு குக்குறுவான். கால் நாழிகைக்குள் இடது கரை முழுவதும் சந்தை கூடிய மாதிரி ஆகிவிட்டது. வலது கரையில் ஒரு சத்தம் இல்லை.

"எழுந்திருங்க. இன்னிக்கும் இல்ல" என்றார் ஆண்டவர். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். ஆண்டிமடத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து இரண்டு நாளாக உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நாவலோடை ஐயனார் கோவிலுக்குக் கீழே பிறந்து மூன்று மைல் கிழக்கே ஓடி ஏரியில் விழுகிறது. பங்குனிக் கடைசியில் அதில் தண்ணீர் ஓடாது. மணலும் அங்கங்கே முழங்காலளவு குட்டைகளும்தான் இருக்கும். வைத்திலிங்கத்தின் வகையறாவில் பெண் கொடுப்பதென்றால் ஐயனாரைக் கேட்டுத்தான் கொடுப்பார்கள். இரு வீட்டாரும் விடிவதற்கு முன் மணலில் கோவிலைப் பார்த்து உட்கார வேண்டும். கற்பூரம் ஏற்றியதும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு முதலில் கூப்பிடும் பறவை வலது கரையில் இருந்தால் சம்மதம். இடது கரையில் இருந்தால் அன்றைக்கு இல்லை. காக்கையும் ஆந்தையும் சேராது. மூன்று நாள் கேட்கலாம்.

இரண்டு கரையிலும் மரம் அடர்ந்திருக்கும்போது மூன்றில் ஒரு நாளாவது வலது கரை பேசிவிடும். வகையறாவில் நினைவு தெரிந்து ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் மூன்று நாளும் இல்லை என்று வந்தது. அவள் வைத்திலிங்கத்தின் தங்கை தனம். ஐயனாரே வேண்டாமென்ற பெண்ணைக் கேட்டு அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. இப்போது முப்பத்தெட்டு வயதாகிறது. அண்ணன் மனைவி இறந்த பிறகு அந்த வீட்டு அடுப்பும் மாட்டுக்கொட்டகையும் அவள் பொறுப்பு.

இந்த முறை கேட்பது வைத்திலிங்கத்தின் ஒரே மகள் செங்கமலத்துக்கு. அவளுக்கு இருபத்து நாலு. தாய் படுக்கையில் கிடந்த மூன்று வருஷமும் செத்த பிறகு ஒரு வருஷமும் கல்யாணப் பேச்சு எடுக்கவில்லை. இந்த இடம் தகைந்தது தெய்வாதீனம் என்று ஊரில் சொன்னார்கள். மாப்பிள்ளை கண்ணையன் பொன்மலை ரயில் பட்டறையில் ஃபிட்டர். யுத்த காலத்தில் பட்டறையில் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. பத்து நாள் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அதில் நான்கு நாள் போய்விட்டது.

"மாமா, நாம எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டா என்ன? அப்ப அது வலது கரை ஆயிடும்ல?" என்றான் கண்ணையன். இரவு ஷிப்டு பார்த்துப் பார்த்து அவன் கண்கள் எப்போதும் சிவந்தே இருந்தன.

"ஐயனாருக்கு முதுகைக் காட்டிக்கிட்டா? பொன்மலையில இதான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"பொன்மலையில நிமிந்து உக்காரவே வுட மாட்டாங்க மாமா."

அவன் தாய் கொளஞ்சியம்மாள் ஒரு கையை மணலில் ஊன்றி, மறு கையை மகனிடம் நீட்டி, முனகிக்கொண்டே எழுந்தாள். முழங்கால் வீக்கம். "வாயை மூடிக்கிட்டுத் தூக்குடா" என்றாள்.

ஆண்டவர் வலது கரையைப் பார்த்தபடி நின்றார். "கேட்டதுக்கு ஒரு குருவிகூட இந்தப் பக்கம் வாயைத் தொறக்கலியே. பொண்ணுக்கு என்னமோ இருக்குதுங்க. நான் கொறையா சொல்லல. ஐயனாரு சும்மா சொல்ல மாட்டாரு."

வைத்திலிங்கமும் திரும்பிப் பார்த்தார். முதல் நாள் இருட்டில் வந்து, மனம் ஒடிந்து, தலை குனிந்தபடி போய்விட்டார். இப்போதுதான் கண்ணில் பட்டது. கரைக்கு அப்பால் தன் வயல், வயலுக்கு அப்பால் தன் கிணறு, கிணற்றுக்குப் பக்கத்தில் கரிமூட்டத்தின் புகை. எல்லாம் தடையில்லாமல் தெரிந்தன. போன மாதம்வரை அங்கே நின்றால் பத்தடிக்கு மேல் பார்க்க முடியாது.

வலது கரை அவருடைய பட்டா. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடத் தொடங்கியதிலிருந்து கரிக்கு ஆள் தேடி வந்தார்கள். அரியலூரிலிருந்து வந்த ஒருவரிடம் கரையிலிருந்த மரம் முழுவதையும் பேசிவிட்டார். பந்தலுக்கும் பாத்திரத்துக்கும் வேறு வழியில்லை. மரத்தை வெட்டக்கூடாது என்று வகையறாவில் யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்ததெல்லாம் பறவையைப் பற்றித்தான்.

அதைச் சொல்லாமலே அவர் வண்டியில் ஏறப் போனவர்களோடு நடந்தார்.

உச்சி வேளைக்கு அவர் மட்டும் ஓடைக்குத் திரும்பி வந்தார். கரிமூட்டத்தின் மேல் வெடித்த இடங்களில் அய்யம்பெருமாள் ஈரமண்ணை அப்பிக்கொண்டிருந்தான். மரங்களை வெட்டியவனும் அவன்தான். கௌதாரி பிடிப்பதில் கெட்டிக்காரன். குரல் கொடுத்தான் என்றால் பெட்டை எதிர்க்குரல் கொடுத்துக்கொண்டே வலைக்குள் நடந்து வரும்.

"ஏண்டா அய்யம்பெருமாளு, கௌதாரி மாதிரி கூப்பிடுவியே. கரிச்சான் மாதிரி வருமா?"

அய்யம்பெருமாள் மண்ணை அப்பிய கையை நிறுத்தவில்லை. "வரும் ஆண்டே."

"நாளைக்கு விடியக்காலம் அந்த வரப்போரம் படுத்துக்கிட்டு..."

"நான் மாட்டேன்."

இப்படி ஒரு வார்த்தையை அவன் அவரிடம் சொன்னதில்லை. பிறகு அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"கோவிச்சுக்காதீங்க. புடிபட்டா உங்களுக்கு நாலு நாளைக்கு அசிங்கம். வெளிய தலைகாட்ட முடியாது, அவ்வளவுதான். என்னைப் புளியமரத்துல கட்டி வச்சு உரிச்சுடுவாங்க. சாமி வாக்கை நான் சொன்னேன்னு. அடிக்கிறவங்களோட நீங்களும் வந்து நிக்கணும். நிக்காம இருந்தா உங்க மேல சந்தேகம் வந்துடும்ல?"

அதை வைத்திலிங்கம் மறுக்க முடியாது என்று இருவருக்கும் தெரியும். வெட்டிய ஒரு மருத மரத்தின் அடிக்கட்டையில் உட்கார்ந்தார்.

"பறவை உக்காரக்கூட ஒரு கெளை இல்லாம பண்ணிட்டமேடா."

"இதுக்கு முன்னாடியும் இப்படித்தான் மொட்டையா இருந்துச்சு. மறுபடி தழைச்சுக்கல? நீங்க உக்காந்திருக்கிற கட்டையப் பாருங்க. கீழ பழைய வெட்டு. எங்கப்பன் கோடாலி. அதுக்கு மேல தழைச்சதைத்தான் நான் இப்ப வெட்டுனேன். ரயில் ரோட்டு வேலைக்குச் செங்கல் சூளை போட்டாங்கல்ல, அந்த வருசம் வெட்டினது."

வைத்திலிங்கம் குனிந்து பார்த்தார். அடியில், கறுத்துப்போன பழைய வெட்டுத் தழும்பு கட்டையைச் சுற்றி ஓடியது. பக்கத்துக் கட்டையிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

சூளைக்கு விறகு பேசியது அவர் அப்பா. பக்கத்தில் நின்று மரங்களை எண்ணிக் காட்டியது அவர். அது தை மாதம். தனத்துக்காக ஐயனாரைக் கேட்டது அதே வருஷம் மாசியில்.

வெயில் நன்றாக உறைத்தது. எதிர்க்கரையில் மட்டும் நிழல். அந்த வெயிலிலும் அங்கே குக்குறுவான் சுத்தியலால் தட்டுவதுபோல் ஒரே சீராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அய்யம்பெருமாள் வேலையைத் தொடர்ந்தான். வைத்திலிங்கம் எழுந்து போக நெடுநேரமாயிற்று.

அன்று சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது செங்கமலம் கதவோரம் வந்து நின்றாள்.

"அப்பா, பறவைக்கு அந்தப் பக்கம் உக்கார எடம் இல்ல. அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"யார் சொன்னா உனக்கு?"

"யார் சொல்லணும்? நானே பாத்தேன். தண்ணிக்குப் போறப்ப தெரியாதா?"

"சொன்னா, சாமி கேக்குற எடத்துல மரத்தை வெட்டினவன் வூட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னுட்டுப் போயிடுவாங்க."

"போவட்டும். அப்ப வெட்டினது நீங்கன்னு ஆவும். சொல்லலைன்னா வேணாம்னு சொன்னது என்னைன்னு ஆயிடும். அதுக்கப்பறம் எவன் வருவான்?" அவள் குரலை உயர்த்தவில்லை. "உங்களை நாலு நாள் பேசுவாங்க. என்னைக் கடைசிவரைக்கும் பேசுவாங்க."

சோற்றுப் பானையின் பக்கத்தில் தனம் உட்கார்ந்திருந்தாள். அகப்பையைப் பானைக்குள் வைத்துவிட்டு, அண்ணனைப் பார்க்காமல் கேட்டாள்.

"எனக்குக் கேட்ட வருசம் அந்தக் கரையில மரம் இருந்துச்சாண்ணே?"

வைத்திலிங்கம் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி இருந்தார். ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடலாம். பதினேழு வருஷம் ஆகிவிட்டது. யாரும் நம்பக்கூடியதுதான்.

"இல்லம்மா" என்றார்.

தனம் தலையை ஆட்டினாள். வெளியே கன்று கத்தியது. "கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்திக்கங்க. ஆறிடும்" என்றாள். ஊற்றிவிட்டு எழுந்து கொட்டகைக்குப் போனாள். கன்று அடங்கிய பிறகும் அவள் உள்ளே வரவில்லை. செங்கமலம்தான் மிச்சத்தை எடுத்து மூடி வைத்தாள்.

மூன்றாம் நாள் அவர்கள் ஓடைக்குப் போனபோது கீழ்வானம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. கொளஞ்சியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்தாள். கண்ணையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, அதில் தலையை வைத்துக்கொண்டான். ஆண்டவர் சம்மணம் போட்டு, காதோரத்துத் துண்டை நீக்கிவிட்டுக்கொண்டார். வைத்திலிங்கம் ஐயனார் முன்னால் கற்பூரத்தை வைத்தார். தீப்பெட்டியைக் கையில் எடுத்தார். குச்சியைக் கிழிக்காமல் திரும்பி வந்து அவர்கள் முன் நின்றார்.

"நான் ஏத்தப் போறதில்லைங்க."

"என்ன, தீக்குச்சி நமத்துப் போச்சா?" என்றார் ஆண்டவர். "என்கிட்ட இருக்கு."

"குச்சி நல்லாத்தான் இருக்கு. வலது கரை என்னோடது. அதுல இருந்த மரத்தை நான்தான் போன மாசம் கரிக்கு வெட்டினேன். ஒரு பறவை வந்து உக்கார அங்க ஒரு குச்சி கெடையாது. ரெண்டு நாளா நாம கேட்டது கேள்வியே இல்ல. என் பொண்ணை ஐயனாரு வேணாம்னு சொல்லல."

யாரும் பதில் சொல்வதற்குள் இடது கரை விழித்துக்கொண்டது. முதலில் கரிச்சான். பிறகு கொண்டைக்குருவிகள் ஒன்றை ஒன்று மிஞ்சிக்கொண்டு. ஓர் ஆண் குயில் அடிக்குரலில் தொடங்கி, ஒவ்வொரு கூவலுக்கும் குரலை ஏற்றிக்கொண்டே போய், உச்சத்தில் சட்டென்று நிறுத்தியது. மாங்குயில் மட்டும் அவசரப்படாமல், ஈரமான குரலில், இடைவெளி விட்டு விட்டு. இரண்டு கரைப் பறவைகளும் இப்போது ஒரே கரையில் இருந்தன. போன இரண்டு நாளும் இதே குரல்கள் ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு மறுப்பாகக் கேட்டன. இன்று கற்பூரம் ஏற்றவில்லை. அதனால் எந்தக் குரலுக்கும் ஒரு பொருளும் இல்லை. அவை பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தன. இவ்வளவு நன்றாகக் கத்தும் என்பதை அவர் இத்தனை வயதுக்குக் கவனித்ததில்லை. நின்றுகொண்டே கேட்டார். கால் வலித்தது.

ஆண்டவர்தான் முதலில் பேசினார். "ஏங்க, இதை முந்தாநாளே சொல்றதுக்கு என்ன?"

"முந்தாநாள் எனக்கே தோணல. நேத்து தோணுச்சு. சொல்ல வாய் வரல."

"கேக்குற எடத்தை வெட்டிக் கரியாக்கிட்டு, அங்கயே எங்களைக் கூட்டியாந்து உக்கார வச்சிருக்கீங்க. மூணாம் நாளு ஏத்தாம வுட்டா அதுவும் இல்லன்னுதான் அர்த்தம். எங்க அம்மா வழியில அப்படித்தான் சொல்லுவாங்க."

"உங்கம்மா எனக்கும் அம்மாதாண்டா. அப்படி ஒண்ணும் சொன்னதில்ல" என்றாள் கொளஞ்சியம்மாள்.

"நீ சும்மா இரு அக்கா. மரம் தழைக்கட்டும். அப்ப வந்து கேப்போம்."

"அது எப்ப?"

"தழைக்கிறப்ப."

"அதுக்குள்ள இவனுக்கு நரைச்சுடும். இப்பவே காதோரம் ரெண்டு இருக்கு." கொளஞ்சியம்மாள் வைத்திலிங்கத்தைப் பார்த்தாள். "மரத்தை எதுக்குண்ணே வெட்டினீங்க?"

வைத்திலிங்கம் தயங்கினார். "இந்தக் கல்யாணத்துக்குத்தான் தங்கச்சி."

கொளஞ்சியம்மாள் சிரித்துவிட்டாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கியது. பிறகு முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "அந்த அடிக்கட்டையெல்லாம் நேத்தே பாத்தேன். எனக்கும் கண்ணு இருக்குது. அடுத்த வூட்டு வழக்கம், நாம என்னத்தைச் சொல்றதுன்னு கம்முனு இருந்தேன்."

"உனக்குத் தெரியுமா?" என்று ஆண்டவர் எழுந்து நின்றுவிட்டார். "தெரிஞ்சுக்கிட்டா என்னை உக்கார வச்ச? நான் என்ன கூத்தாடியா? கண்ணையா, எழுந்திரு. போவலாம்."

கண்ணையன் தலையைத் தூக்கினான். "எனக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு மாமா."

"அதுக்கு?"

"அதுக்கப்பறம் ஒரு வருசத்துக்கு லீவு கெடையாது. அவ்வளவுதான் சொன்னேன்."

"அப்ப மாமன் இல்லாம பண்ணிக்க. மணவறையில உனக்கு மாலை எடுத்துக் குடுக்க பட்டறையிலேருந்து ஆள் வருவான்."

அவர் விறுவிறுவென்று கரையேறினார். வண்டியில் மாடு பூட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வருவார் என்று மூவரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். சக்கரச் சத்தம் வடக்கே நகர்ந்து, ஆண்டிமடம் போகும் பாதையில் ஏறி, தேய்ந்தது.

"வண்டியையும் ஓட்டிக்கிட்டுப் போயிட்டானே" என்றாள் கொளஞ்சியம்மாள்.

வைத்திலிங்கத்தின் வீடு அங்கிருந்து ஒரு மைல். ஓடை மணலில் கொளஞ்சியம்மாளால் நடக்க முடியாது. வரப்பு வழியாகப் போனார்கள். முன்னால் அவர், நடுவில் அவள், அவள் கையைப் பிடித்தபடி கண்ணையன். நான்கு இடத்தில் நின்றார்கள். வெயில் ஏறியது. கரிமூட்டத்தைத் தாண்டும்போது அய்யம்பெருமாள் எழுந்து நின்று, வண்டி இல்லாமல் வருகிறவர்களைப் பார்த்தான். சந்தோஷப்பட வேண்டிய நேரமா, வருத்தப்பட வேண்டிய நேரமா என்று வைத்திலிங்கத்துக்குத் தெரியவில்லை. படுத்தால் போதும் போலிருந்தது.

வீட்டு வாசலில் தனம் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். கொளஞ்சியம்மாள் பாதியைக் குடித்து, மீதியை முழங்காலில் ஊற்றிக்கொண்டாள். கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கண்ணையன் வெளியிலேயே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

"பொண்ணைக் கூப்பிடு தாயி" என்றாள் தனத்திடம்.

செங்கமலம் வந்தாள். பூ வைத்திருக்கவில்லை. மாட்டுத் தொட்டியைக் கழுவிய ஈரம் புடவைக் கரையில் இருந்தது.

"உங்கப்பா சொல்லிட்டாரு" என்றாள் கொளஞ்சியம்மாள். "என் தம்பி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். நான் போயி அழைச்சாலும் வர மாட்டான், ஒரு நாலஞ்சு வருசத்துக்கு. அவன் சொபாவம் அப்படி. அவன் இல்லாமத்தான் இந்த வாரக் கடைசியில கோவில்ல வச்சு முடிக்கணும். எனக்குச் சம்மதம். கண்ணையனுக்கும் சம்மதம். உனக்கு எப்படி?"

செங்கமலம் அப்பாவைப் பார்த்தாள். அவர் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையைப் பார்த்தாள். தனம் காலிச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமன் இல்லாம, சாமி உத்தரவு இல்லாம நடந்த கல்யாணம்னு நாளைக்குச் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க."

"ஒரு பசு கன்னு செத்தாக்கூட?"

"அதுக்கும் சொல்லுவாங்க." கொளஞ்சியம்மாள் காலை மெல்ல மடக்கினாள். "என்னிக்காவது கோவம் வந்தா நானே சொல்லுவேன். இப்பவே சொல்லி வச்சுடுறேன்."

செங்கமலம் வாசல் பக்கம் பார்த்தாள். வெளியே கண்ணையன் வேப்பமரத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தான். அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"அப்ப சரி" என்றாள். "அவரை எழுப்பி உள்ள வரச் சொல்லுங்க. வெயில் மூஞ்சிக்கு வருது."